பல் சுகாதாரச் செய்முறை உரிமத் தேர்வு

பல் சுகாதாரச் செய்முறை உரிமத் தேர்வு என்பது ஐக்கிய அமெரிக்காவில் பல் சுகாதாரப் பணியாளராகத் தொழில் புரிய விரும்புவோரின் கைத்திறனைச் சோதிக்கும் தேர்வாகும். பற்களிலும் வேர்ப்பரப்புகளிலும் படிந்துள்ள பற்காரையைக் கண்டறிதல், ஈறுக்குக் காயம் ஏற்படுத்தாமல் அதனை அகற்றுதல், ஈற்றுப்பள்ளத்தின் ஆழத்தை அளத்தல் ஆகியன இத்தேர்வின் முதன்மையான கூறுகள் ஆகும். அந்நாட்டில் தொழில் உரிமத்தை மாநில அரசுகளே வழங்குகின்றன. எனவே கல்லூரிப் படிப்பை முடித்து, தேசிய எழுத்துத் தேர்விலும் தேறிய ஒருவர், மாநிலம் கோரும் இச்செய்முறைத் தேர்விலும் தேறிய பின்னரே உரிமம் பெறுவது நெடுங்கால வழக்கமாக இருந்து வந்துள்ளது.

பல்லாண்டுகளாக இத்தேர்வு உயிருள்ள நோயாளி ஒருவரின் வாயில் நடத்தப்பட்டது. அந்நோயாளியைத் தேடிக் கொணரும் பொறுப்பும் தேர்வரையே சார்ந்திருந்தது. 2020 ஆம் ஆண்டின் கோவிட்-19 பெருந்தொற்றுக்குப் பின்னர், செயற்கைப் பற்கள் பொருத்திய மாதிரித் தலையில் தேர்வு நடத்தும் முறை பரவியது. இம்மாற்றத்தினால் தேர்வுக்கு ஆயத்தம் செய்யும் முறையும் பெரிதும் மாறியுள்ளது.

தொழிலின் இயல்பு

பல் சுகாதாரப் பணியாளர் பல் மருத்துவர் அல்லர். பல்லைப் பிடுங்குதல், சொத்தையை அகற்றி அடைத்தல் போன்றவை பொதுவாக அவருடைய பணிகளில் அடங்கா. பற்படலத்தையும் பற்காரையையும் அகற்றுதல், ஈறு நோயின் அறிகுறிகளைப் பதிவு செய்தல், ஊடுகதிர்ப் படம் எடுத்தல், புளோரைடு பூசுதல், பல் துலக்கும் முறையைக் கற்பித்தல் முதலியன அவருடைய பணிகளாகும். எவ்வெப் பணிகளை எவருடைய மேற்பார்வையில் செய்யலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்.

பற்படலம் என்பது நுண்ணுயிரிகள் செறிந்த மென்மையான படிவு ஆகும். அது உமிழ்நீரிலும் ஈற்றுப்பள்ளத் திரவத்திலும் உள்ள தாதுக்களால் இறுகும்போது பற்காரை உருவாகிறது. ஈறுக்கு மேலே உள்ள பற்காரையைக் கண்ணால் காணலாம். உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய்கள் அருகில் இருப்பதால், கீழ் முன்பற்களின் நாப்பக்கத்திலும் மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப்பக்கத்திலும் இது மிகுதியாகப் படியும். ஈறுக்குக் கீழே உள்ள பற்காரை வேரோடு இறுக ஒட்டியிருக்கும். நேரடியாகக் கண்ணுக்குத் தெரியாது. அதனை விரல்நுனியின் உணர்வால் மட்டுமே பெரும்பாலும் அறிய இயலும். பாடநூல் அறிவு மட்டும் இதற்குப் போதாது என்பதே தனியாக ஒரு செய்முறைத் தேர்வு தோன்றியதற்கான அடிப்படைக் காரணம் ஆகும்.

வரலாறு

கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட் நகரில் பல் மருத்துவராக இருந்த ஆல்பிரட் போன்ஸ், 1906 ஆம் ஆண்டில் தம்முடைய உதவியாளரான ஐரீன் நியூமன் என்பவருக்குப் பற்களைத் தூய்மைப்படுத்தும் பயிற்சியை அளித்தார். நோய் வந்தபின் பல்லைப் பழுதுபார்ப்பதைவிட வருமுன் காப்பதே சிறந்தது என்பது அவருடைய கருத்தாக இருந்தது. 1913 ஆம் ஆண்டில் அவர் இத்தொழிலுக்கான முதற் பள்ளியை அதே நகரில் தொடங்கினார். 1917 ஆம் ஆண்டில் ஐரீன் நியூமன் கனெக்டிகட் மாநிலத்தில் முதல் பல் சுகாதாரப் பணியாளர் உரிமத்தைப் பெற்றார். அமெரிக்கப் பல் சுகாதாரப் பணியாளர் சங்கம் 1923 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது.

தொடக்கத்தில் ஒவ்வொரு மாநில வாரியமும் தனக்கெனத் தனித் தேர்வை நடத்தியது. ஒரு மாநிலத்தில் உரிமம் பெற்றவர் மற்றொரு மாநிலத்துக்குக் குடிபெயரும்போது மீண்டும் தேர்வு எழுத வேண்டிய நிலை இருந்தது. எழுத்துத் தேர்வைப் பொறுத்தவரை இச்சிக்கல் 1962 ஆம் ஆண்டில் தேசியத் தேர்வு தொடங்கியதன் மூலம் குறைந்தது. செய்முறைத் தேர்வைப் பொறுத்தவரை, பல மாநிலங்கள் ஒன்றிணைந்து வட்டாரத் தேர்வு அமைப்புகளை உருவாக்கிக்கொண்டன.

உரிமம் பெறும் படிகள்

பொதுவாக உரிமம் பெற விரும்புவோர் கீழ்க்காணும் மூன்று படிகளைக் கடக்க வேண்டும்.

1. பல் மருத்துவக் கல்வி ஏற்பு ஆணையத்தின் ஏற்பைப் பெற்ற கல்லூரியில் பல் சுகாதாரப் படிப்பை முடித்தல்.
2. பல் மருத்துவத் தேசியத் தேர்வுகளுக்கான கூட்டு ஆணையம் நடத்தும் தேசிய எழுத்துத் தேர்வில் தேறுதல். இத்தேர்வு தனி வினாக்களையும், நோயாளி ஒருவரின் விவரம், ஊடுகதிர்ப் படம், ஈற்று அளவைகள் ஆகியவற்றைக் கொடுத்து அவற்றின் அடிப்படையில் கேட்கப்படும் வினாக்களையும் கொண்டது. மதிப்பெண் 49 முதல் 99 வரையான அளவுகோலில் தரப்படும்; 75 தேர்ச்சி மதிப்பெண் ஆகும்.
3. மாநில வாரியம் ஏற்கும் செய்முறைத் தேர்வில் தேறுதல்.

இவற்றோடு மாநிலத்தின் சட்டங்களைப் பற்றிய தேர்வு ஒன்றும் பல மாநிலங்களில் உண்டு. அலபாமா மாநிலம் ஒரு விதிவிலக்காகும். அங்கு பல் மருத்துவர் ஒருவரிடம் பணிபுரிந்துகொண்டே பயிற்சி பெற்று உரிமம் பெறும் வழியும் உள்ளது.

தேர்வு அமைப்புகள்

செய்முறைத் தேர்வுகளை நடத்தும் அமைப்புகள் காலப்போக்கில் இணைந்தும் பெயர் மாறியும் வந்துள்ளன. வடகிழக்கு வட்டார வாரியம் என்ற அமைப்பு 2015 ஆம் ஆண்டில் பல் மருத்துவத் தகுதி மதிப்பீட்டு ஆணையம் என்று பெயர் மாற்றம் பெற்றது. அது 2021 ஆம் ஆண்டில் மேற்கு வட்டாரத் தேர்வு வாரியத்துடனும், 2022 ஆம் ஆண்டில் சிட்டா என்னும் மற்றொரு தேர்வு அமைப்புடனும் இணைந்தது. இவ்வமைப்பு நடத்தும் தேர்வு ஏடெக்ஸ் தேர்வு என அழைக்கப்படுகிறது. அமெரிக்கப் பல் மருத்துவத் தேர்வாளர் வாரியத்தின் சுருக்கப் பெயரே ஏடெக்ஸ் ஆகும். மத்திய வட்டாரத் தேர்வுச் சேவை, தென் வட்டாரத் தேர்வு முகமை ஆகியனவும் இத்தகைய தேர்வுகளை நடத்தியுள்ளன.

எந்த அமைப்பின் தேர்வை ஏற்பது என்பதை அந்தந்த மாநில வாரியமே தீர்மானிக்கிறது. ஆகவே எந்த மாநிலத்தில் பணிபுரிய எண்ணுகிறார் என்பதை முதலில் முடிவு செய்து, அம்மாநிலம் ஏற்கும் தேர்வு எது என்பதை அறிந்துகொள்வது ஆயத்தத்தின் முதற்படி ஆகும். தேர்வு அமைப்புகள் ஆண்டுதோறும் தேர்வர் கையேடுகளை வெளியிடுகின்றன. விதிகள் மாறிக்கொண்டிருப்பதால் முந்தைய ஆண்டுக் கையேட்டை நம்பித் தேர்வுக்குச் செல்வது ஆபத்தானது.

தேர்வின் அமைப்பு

ஏடெக்ஸ் தேர்வை எடுத்துக்காட்டாகக் கொண்டால், அது இரண்டு பகுதிகளை உடையது. ஒன்று கணினி வழித் தேர்வு. இதில் நிழற்படங்கள், ஊடுகதிர்ப் படங்கள், நோயாளி விவரங்கள் ஆகியவற்றைக் கண்டு விடையளிக்க வேண்டும். வாய்ப்புண்களை அடையாளம் காணுதல், மருந்துகளின் விளைவுகள், தொற்றுத் தடுப்பு, அவசர நிலைகளைக் கையாளுதல் முதலியன இதில் இடம்பெறும். மற்றொன்று செய்முறைப் பகுதி.

செய்முறைப் பகுதியில் பின்வரும் திறன்கள் சோதிக்கப்படுகின்றன.

- பற்காரையைக் கண்டறிதல்: குறிப்பிட்ட பற்களின் ஒவ்வொரு பரப்பிலும் பற்காரை உள்ளதா, இல்லையா என்பதைத் தேர்வர் பதிவு செய்ய வேண்டும்.
- பற்காரையை அகற்றுதல்: குறிக்கப்பட்ட 12 பரப்புகளில் உள்ள பற்காரையை முழுமையாக அகற்ற வேண்டும். மதிப்பெண்ணில் பெரும்பங்கு இதற்கே உரியது.
- ஈற்றுப்பள்ள ஆழத்தை அளத்தல்: ஒரு பல்லுக்கு ஆறு இடங்களில் மில்லிமீட்டர் அளவில் அளக்க வேண்டும்.
- திசுக்களைக் காத்தல்: ஈறு, உதடு, கன்னம், நாக்கு ஆகியவற்றில் காயம் ஏற்படுத்தக் கூடாது. கடுமையான காயம் தோல்வியில் முடியும்.

மதிப்பீட்டில் நடுநிலையைக் காக்க, தேர்வரும் மதிப்பீட்டாளர்களும் ஒருவரையொருவர் அறியாத வகையில் தேர்வு நடத்தப்படுகிறது. தேர்வர் எண்ணால் மட்டுமே அறியப்படுவார். மூன்று மதிப்பீட்டாளர்கள் தனித்தனியே பற்களைச் சோதிப்பர். பிழை ஒன்று குறைந்தது இருவரால் உறுதி செய்யப்பட்டால்தான் மதிப்பெண் குறைக்கப்படும். தேர்ச்சி பெற 75 மதிப்பெண் வேண்டும்.

நோயாளியைத் தேடுதல்

நோயாளி வழியாக நடத்தப்பட்ட தேர்வில், தேர்வரின் திறமைக்கு அப்பாற்பட்ட ஒரு தடை முதலிலேயே இருந்தது. தேர்வுக்கு ஏற்ற நோயாளி கிடைக்க வேண்டும். அவருடைய வாயில் ஈறுக்குக் கீழே, கருவியால் தெளிவாக உணரத்தக்க பற்காரை தேவையான எண்ணிக்கையிலான பரப்புகளில் இருக்க வேண்டும். பற்காரை மிகக் குறைவாக இருந்தால் நோயாளி ஏற்கப்படமாட்டார். மிகுதியாகவும் கடினமாகவும் இருந்தால் குறித்த நேரத்துக்குள் வேலையை முடிக்க இயலாது.

வாய் பொருத்தமாக இருந்தாலும் உடல்நிலை பொருந்த வேண்டும். நோயாளியின் இரத்த அழுத்தம் தேர்வு நாளன்று அளக்கப்படும். 180/110 என்ற அளவை எட்டினால் அவர் ஏற்கப்படுவதில்லை. அண்மையில் மாரடைப்பு ஏற்பட்டவர்களும் விலக்கப்பட்டனர். செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்டவர்கள் போன்றோர் முன்கூட்டியே நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை உட்கொண்டிருக்க வேண்டும். இவை அனைத்தும் நோயாளியின் நலனுக்காக ஏற்பட்ட விதிகளே. ஆயினும் தேர்வு நாள் காலையில் நோயாளி பதற்றத்தால் உயர்ந்த இரத்த அழுத்தத்தோடு வந்தாலோ, வராமலே போனாலோ, தேர்வர் கருவியைக் கையில் எடுக்கும் முன்னரே வாய்ப்பை இழக்க நேர்ந்தது.

இதனால் மாணவர்கள் மாதக்கணக்கில் நண்பர்கள், உறவினர்கள், கல்லூரி மருத்துவ நிலையத்துக்கு வருவோர் ஆகியோரிடையே நோயாளிகளைத் தேடினர். ஒருவர் வராவிட்டால் பயன்படும் என்று மாற்று நோயாளியையும் ஆயத்தமாக வைத்திருந்தனர். நோயாளியின் பயணச் செலவு, தங்கும் செலவு, ஒரு நாள் வேலையிழப்புக்கான ஈடு ஆகியவற்றைப் பல மாணவர்கள் தம் கையிலிருந்து கொடுத்தனர். பணம் பெற்றுக்கொண்டு நோயாளிகளை ஏற்பாடு செய்து தரும் இடைத்தரகு முறையும் உருவானது. வசதியும் அறிமுகமும் உள்ள மாணவருக்கும் அவை இல்லாத மாணவருக்கும் இடையே இவ்வகையில் ஏற்றத்தாழ்வு ஏற்பட்டது.

நெறிமுறைச் சிக்கல்

நோயாளி வழித் தேர்வின் மீது எழுந்த முதன்மையான குற்றச்சாட்டு நோயாளியின் நலன் பற்றியதாகும். ஈறு நோய் கண்டறியப்பட்டவருக்கு உடனடியாகச் சிகிச்சை அளிப்பதே மருத்துவ முறை. ஆனால் தேர்வுக்கு ஏற்ற வாயைக் கொண்டவர் என்று ஒருவரைக் கண்டறிந்ததும், தேர்வு நாள் வரை அவருடைய பற்காரையை அகற்றாமல் விட்டுவைக்கும் நிலை ஏற்பட்டது. தேர்வன்று வாயின் ஒரு பகுதி மட்டுமே தூய்மைப்படுத்தப்படும். எஞ்சிய பகுதிக்கான தொடர் சிகிச்சையை ஏற்பாடு செய்ய வேண்டும் என்று விதிகள் கூறினாலும், தொலைவிலிருந்து அழைத்து வரப்பட்ட நோயாளிக்கு அது கிடைப்பது எளிதாக இருக்கவில்லை.

இரண்டாவது குற்றச்சாட்டு அளவீட்டின் நம்பகத்தன்மையைப் பற்றியது. இரு தேர்வர்கள் ஒரே தன்மையுள்ள வாயைப் பெறுவதில்லை. ஒருவருக்கு எளிதில் பெயரும் பற்காரையும் மற்றவருக்குப் பல்லாண்டுகள் இறுகிய பற்காரையும் அமையலாம். ஒரே நாளில், ஒரே வாயில், சில பரப்புகளில் காட்டப்படும் திறனைக் கொண்டு இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகப் பெற்ற பயிற்சியை மதிப்பிடுவது சரியா என்ற வினாவும் எழுந்தது.

உண்மையான நோயாளியின் முன் நிற்கும்போதுதான் ஒருவருடைய முழுத் திறனும் வெளிப்படும் என்பது எதிர்த்தரப்பின் வாதமாகும். வலியில் அசையும் நோயாளி, சுரக்கும் உமிழ்நீர், கசியும் இரத்தம், நாக்கின் அசைவு ஆகியவற்றைச் சமாளிப்பதும் தொழிலின் பகுதியே என்றும், பொதுமக்களின் பாதுகாப்புக்குக் கல்லூரியைச் சாராத ஒருவரின் மதிப்பீடு தேவை என்றும் அவர்கள் கூறினர்.

அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் உரிமத் தேர்வுகளில் நோயாளிகளைப் பயன்படுத்துவதைக் கைவிட வேண்டும் என்ற கொள்கையை 2005 ஆம் ஆண்டில் ஏற்றது. 2018 ஆம் ஆண்டில் அச்சங்கமும், அமெரிக்கப் பல் மருத்துவக் கல்விச் சங்கமும், அமெரிக்கப் பல் மருத்துவ மாணவர் சங்கமும் இணைந்து உரிம முறையை நவீனப்படுத்தும் கூட்டமைப்பை உருவாக்கின.

மாதிரித் தலைக்கு மாற்றம்

விவாதமாக நீடித்த இச்சிக்கலுக்கு 2020 ஆம் ஆண்டின் பெருந்தொற்று திடீரென ஒரு முடிவைக் கொணர்ந்தது. அவ்வாண்டின் வசந்த காலத்தில் கல்லூரி மருத்துவ நிலையங்கள் மூடப்பட்டன. படிப்பை முடிக்கும் நிலையிலிருந்த மாணவர்களால் நோயாளிகளைக் கொண்டு தேர்வு எழுத இயலவில்லை. தேர்வு அமைப்புகள் மாதிரித் தலையைக் கொண்டு நடத்தும் தேர்வை வழங்கின. பல மாநிலங்கள் அதனை ஏற்றன. தற்காலிகமாகத் தொடங்கிய ஏற்பாடு பின்னர் நிலைபெற்றது.

மாதிரித் தலைத் தேர்வில் நாற்காலியின் தலைப்பகுதியில் முகமூடியுடன் கூடிய மாதிரித் தலை பொருத்தப்படும். அதன் வாயில் செயற்கைப் பல்வரிசை இருக்கும். ஈறு இரப்பர் போன்ற பொருளால் ஆனது. ஈறுக்குக் கீழே செயற்கைப் பற்காரை ஒட்டப்பட்டிருக்கும். எந்தப் பற்களில் பணி செய்ய வேண்டும் என்பதைத் தேர்வு நடத்துவோரே தீர்மானிப்பதால், அனைவருக்கும் ஏறத்தாழ ஒரே அளவிலான கடினம் அமைகிறது. நோயாளியைத் தேடும் சுமை முற்றிலும் நீங்கியது.

மாதிரித் தலைக்கும் குறைபாடுகள் உண்டு. அதற்கு வலி இல்லை, இரத்தம் கசிவதில்லை. இரப்பர் ஈறு உண்மையான ஈறைப் போல் நெகிழ்வதில்லை. எனவே கருவியின் நுனியை உள்ளே செலுத்துவது சிலருக்குக் கடினமாக இருக்கும். செயற்கைப் பற்காரை உடையும் விதமும் இயற்கைப் பற்காரையிலிருந்து வேறுபடும். உண்மை நோயாளிகளிடம் நன்கு பணிபுரிந்த மாணவரும் செயற்கைப் பல்வரிசையில் பழகாமல் சென்றால் தடுமாறலாம். மாதிரித் தலையை உயிருள்ள நோயாளியைப் போலவே நடத்த வேண்டும் என்பதும் விதியாகும். மனிதக் கழுத்து திரும்ப இயலாத கோணத்தில் அதனைத் திருப்புதல், கையுறையோ முகக்கவசமோ இன்றிப் பணிபுரிதல் போன்றவை பிழைகளாகக் கொள்ளப்படும்.

ஆயத்த முறைகள்

கண்டறியும் திறன்

தேர்வில் தோல்வியுறுவோரின் முதன்மையான குறை பெரும்பாலும் அகற்றும் வலிமையில் இல்லை. எஞ்சியிருக்கும் பற்காரையை உணரத் தவறுவதிலேயே உள்ளது. உணராத ஒன்றை அகற்ற இயலாது. எனவே ஆயத்தத்தின் மையம் எக்ஸ்புளோரர் எனப்படும் மெல்லிய தேடுகருவியைப் பயன்படுத்தும் பயிற்சியாகும். இதில் பரவலாகப் பயன்படும் 11/12 வகை, ஓல்டு டொமினியன் பல்கலைக்கழகத்தின் பெயரால் ஓடியூ என்ற முன்னொட்டுடன் வழங்குகிறது.

இக்கருவியை இறுக்கிப் பிடித்தால் அதிர்வு விரலுக்கு எட்டாது. எழுதுகோலைப் பிடிப்பது போன்று தளர்வாகப் பிடித்து, மோதிர விரலை அருகிலுள்ள பல்லின் மேல் ஊன்றி, நுனியின் பக்கவாட்டுப் பகுதி வேரோடு ஒட்டியிருக்கும்படி மெல்ல மேலும் கீழும் நகர்த்த வேண்டும். வழவழப்பான வேர், பற்காரை, எனாமலும் வேர்ச் சிமென்ட்டும் சந்திக்கும் கோடு, பல் அடைப்பின் விளிம்பு ஆகியன ஒவ்வொன்றும் வேறுபட்ட உணர்வைத் தரும். சந்திப்புக் கோட்டைப் பற்காரை என்று எண்ணுவது தொடக்கநிலை மாணவர்களிடம் காணப்படும் பொதுவான பிழையாகும். காற்றைப் பாய்ச்சி ஈறைச் சற்று விலக்கினால், உலர்ந்த பற்காரை சுண்ணாம்பு போன்று வெளிறித் தெரியும்.

பயிற்சியின்போது ஒரு மாணவர் தாம் கண்டறிந்தவற்றைத் தாளில் குறித்து வைக்க, ஆசிரியர் தனியே சோதித்துக் குறித்தவற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயன்தரும் முறையாகும். தேர்விலும் இத்தகைய ஒப்பீடே நடைபெறுகிறது.

அகற்றும் திறன்

ஈறுக்குக் கீழே பணிபுரியக் கியூரெட் எனப்படும் கருவி பயன்படுகிறது. பொதுவகைக் கியூரெட்டின் இரு விளிம்புகளும் வெட்டும் தன்மை உடையன. அதன் முகம் தண்டுக்கு 90 பாகையில் அமைந்திருக்கும். கிளேட்டன் கிரேசி என்னும் பல் மருத்துவரின் பெயரால் வழங்கும் கிரேசி கியூரெட்டில் முகம் 70 பாகை சாய்ந்திருப்பதால் ஒரு விளிம்பு மட்டுமே பணிக்கு உரியது. கிரேசி 11/12 கடைவாய்ப் பற்களின் முன்னோக்கிய பரப்புக்கும், 13/14 பின்னோக்கிய பரப்புக்கும் உரியவை. தவறான விளிம்பைப் பயன்படுத்தினால் ஈறு கிழியும், பற்காரையும் நீங்காது.

கருவியின் முகத்தை வேரோடு ஏறத்தாழப் படிந்த நிலையில் உள்ளே செலுத்திப் பற்காரையின் அடிவரை கொண்டு சென்று, பின்னர் 45 பாகைக்கும் 90 பாகைக்கும் இடைப்பட்ட கோணத்துக்குத் திருப்பி இழுக்க வேண்டும். அழுத்தம் போதாமல் பலமுறை தேய்த்தால் பற்காரையின் மேற்பகுதி மட்டும் மழுங்கி வழவழப்பாகிவிடும். அவ்வாறு மழுங்கிய பற்காரையைத் தேடுகருவியால் உணர்வது கடினம். தேர்வர் தூய்மையானது என்று கருதி விட்டுவிடும் பரப்பில் மதிப்பீட்டாளர் பற்காரையைக் காண்பதற்கு இது ஒரு காரணம் ஆகும். எனவே குறுகிய, உறுதியான, ஒன்றன்மேல் ஒன்று படியும் இழுப்புகளை வெவ்வேறு திசைகளில் மேற்கொள்ளப் பழக வேண்டும். இரு பற்கள் தொடும் இடத்துக்குக் கீழேயும், பல்லின் பரப்புகள் மடங்கும் முனைகளிலும், வேர்கள் பிரியும் இடத்திலும் பற்காரை எஞ்சுவது மிகுதி.

கருவியைத் தீட்டுதல்

மழுங்கிய கருவி மிகுந்த அழுத்தத்தைக் கோரும், கை விரைவில் களைக்கும், பற்காரையும் மழுங்கும். எனவே தேர்வுக்குச் செல்லும் முன் கருவிகள் அனைத்தையும் தீட்டி வைப்பது கட்டாயமான ஆயத்தமாகும். கருவியின் முகத்துக்கும் தீட்டுக்கல்லுக்கும் இடையே 100 முதல் 110 பாகை கோணம் இருக்குமாறு தீட்டினால், விளிம்பின் உட்கோணம் 70 முதல் 80 பாகையாக நிலைக்கும். தீட்டிய கூர்மையை நெகிழிச் சோதனைக் குச்சியில் பதித்துப் பார்க்கலாம். கூரிய விளிம்பு குச்சியில் பற்றிக்கொள்ளும். மழுங்கிய விளிம்பு வழுக்கும்.

ஆழம் அளத்தல்

நலமான ஈற்றுப்பள்ளம் 1 முதல் 3 மில்லிமீட்டர் ஆழம் உடையது. அதைவிட ஆழமானது ஈறு நோயைக் குறிக்கலாம். அளவுக் கோடுகள் இடப்பட்ட புரோப் என்னும் கருவியைப் பல்லின் நீளப்போக்குக்கு இணையாகப் பிடித்து, பள்ளத்தின் அடியைத் தொட்டவாறே சிறுசிறு அடிகளாக நகர்த்த வேண்டும். இரு பற்களுக்கு இடைப்பட்ட பகுதியில் மட்டும் கருவியைச் சற்றுச் சாய்த்துத் தொடுமிடத்துக்கு நேர் கீழே அளக்க வேண்டும். சாய்க்காவிட்டால் ஆழம் குறைவாகவும், மிகையாகச் சாய்த்தால் கூடுதலாகவும் பதிவாகும். மதிப்பீட்டாளரின் அளவிலிருந்து 1 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபடுவது பொதுவாகப் பிழையாகக் கொள்ளப்படும்.

பற்களின் எண்முறை

வேறு நாடுகளில் பயின்று அமெரிக்காவுக்குச் செல்வோர் கவனிக்க வேண்டியது பற்களின் எண்முறை ஆகும். உலகின் பல நாடுகளில் இரட்டை இலக்க முறை வழக்கில் உள்ளது. அமெரிக்காவில் மேல் வலது ஞானப்பல்லில் 1 எனத் தொடங்கி, மேல் இடது ஞானப்பல் 16, கீழ் இடது ஞானப்பல் 17, கீழ் வலது ஞானப்பல் 32 என முடியும் முறை பயன்படுகிறது. எடுத்துக்காட்டாக, இரட்டை இலக்க முறையில் 16 என்பது மேல் வலது முதற் கடைவாய்ப்பல் ஆகும். அமெரிக்க முறையில் அதன் எண் 3. அமெரிக்க முறையில் 16 என்பது வாயின் எதிர்ப்பக்கத்து ஞானப்பல்லைக் குறிக்கும். தவறான பல்லில் பணி செய்தால் திறமை எதுவும் கணக்கில் வராது.

நேரமும் உடல்நிலையும்

குறிக்கப்பட்ட நேரத்துக்குள் பணியை முடிக்கும் பழக்கம் முழு ஒத்திகைகளால் மட்டுமே வரும். பல கல்லூரிகள் தேர்வின் விதிகளை அப்படியே பின்பற்றி மாதிரித் தேர்வுகளை நடத்துகின்றன. இறுதி நிமிடங்களைப் புதிய வேலைக்குப் பயன்படுத்தாமல், ஒவ்வொரு பரப்பையும் தேடுகருவியால் மறுபடி சோதிப்பதற்கு ஒதுக்குவது நல்லது என்பது ஆசிரியர்கள் பொதுவாகக் கூறும் அறிவுரை ஆகும். பதற்றத்தில் கருவியை இறுக்கிப் பிடிப்பது இயல்பு. அவ்வாறு பிடிக்கும்போது தொடு உணர்வு குறைவதால், பிடியைத் தளர்த்திக்கொள்ளும் பழக்கமும் பயிற்சியின் ஒரு பகுதியாகும்.

உணர்விழப்பு ஊசித் தேர்வு

1971 ஆம் ஆண்டில் வாசிங்டன் மாநிலம் பல் சுகாதாரப் பணியாளர்கள் உணர்விழப்பு ஊசி இடுவதற்கு முதன்முதலாக இசைவளித்தது. பின்னர் பிற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. இதற்கெனத் தனிச் செய்முறைத் தேர்வைக் கோரும் மாநிலங்களும் உண்டு. மேற்கு வட்டாரத் தேர்வு வாரியம் நடத்திய தேர்வில், கீழ்த்தாடை நரம்புக்கும் மேல் கடைவாய்ப் பகுதி நரம்புக்கும் உரிய இரு ஊசிகளைத் தேர்வர் முறையாக இட்டுக் காட்ட வேண்டியிருந்தது.

மாநிலங்களுக்கிடையே உரிமம்

ஒரு மாநிலத்தில் தேறியவர் மற்றொரு மாநிலத்தில் பணிபுரிவதில் உள்ள தடைகளைக் குறைக்கும் நோக்கில், பல் மருத்துவர்களுக்கும் பல் சுகாதாரப் பணியாளர்களுக்குமான மாநிலங்களுக்கிடையேயான உடன்படிக்கை ஒன்று உருவாக்கப்பட்டது. தேவையான ஏழு மாநிலங்கள் சட்டம் இயற்றியதை அடுத்து 2024 ஆம் ஆண்டில் இது செயல்வடிவம் பெறும் நிலையை எட்டியது. அடிக்கடி இடம் மாற வேண்டியுள்ள இராணுவத்தினரின் குடும்பங்களைச் சேர்ந்த பணியாளர்களுக்கு இத்தகைய ஏற்பாடு சிறப்பாகப் பயன்படும்.

பிற நாடுகளில்

படிப்பை முடித்த பின்னர் தனி அமைப்பு ஒன்று செய்முறைத் தேர்வு நடத்தும் முறை எல்லா நாடுகளிலும் இல்லை. ஐக்கிய இராச்சியத்தில் பொதுப் பல் மருத்துவ அவை ஏற்ற படிப்பை அந்நாட்டில் முடித்தவர், மேலும் ஒரு செய்முறைத் தேர்வு இன்றியே அவ்வவையில் பதிவு பெறலாம். அங்கு கல்லூரியின் தேர்வுகளே கைத்திறனுக்குச் சான்றாகக் கொள்ளப்படுகின்றன. கனடாவின் பெரும்பாலான மாகாணங்களில், ஏற்பு பெற்ற கல்லூரியில் படித்தோருக்குப் பொதுவாகத் தேசிய எழுத்துத் தேர்வே கோரப்படுகிறது. இந்தியாவில் 1948 ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம், பல் மருத்துவர் அல்லாது பற்களைத் தூய்மைப்படுத்துவோரையும் வாய்ச் சுகாதாரம் கற்பிப்போரையும் பல் சுகாதாரப் பணியாளர் என வரையறுத்து, அவர்களுக்கெனத் தனிப் பதிவேட்டை ஏற்படுத்தியது.

இவ்வேறுபாடுகள் ஒரே வினாவுக்கு வெவ்வேறு நாடுகள் கண்ட விடைகளாகும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விரலின் உணர்வைக் கொண்டு செய்யப்படும் பணியில் ஒருவர் தேர்ந்தவர் என்பதை, பல ஆண்டுகள் உடனிருந்து கற்பித்த ஆசிரியர் உறுதி செய்வதா, ஒரு நாள் மட்டும் காணும் புறத்தார் உறுதி செய்வதா என்பதே அவ்வினா ஆகும். அமெரிக்கா புறத்தாரின் மதிப்பீட்டைப் பெரும்பாலும் தக்கவைத்துக்கொண்டுள்ளது. அதற்காக ஒரு நோயாளியைக் காத்திருக்க வைக்கும் வழக்கத்திலிருந்து படிப்படியாக விலகி வருகிறது.